'புரோ' ஆகலாமா? தொழில்முறை குத்துச்சண்டையின் உள்கணக்கு

மாவட்டப் போட்டியில் இரண்டு பதக்கம் வாங்கிய பையனைத் தேடி ஒருநாள் ஒருவர் வருவார். "தம்பி, இந்த மெடலை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? புரோ ஆயிடு, சண்டைக்கு இவ்வளவுன்னு கையில காசு" என்பார். தங்கச்சிமடமோ கீழக்கரையோ தொண்டியோ, பேச்சு இதே தடத்தில்தான் போகும். வருகிறவர் மோசடிக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விடுவது நிறைய. இந்தக் கட்டுரை அந்த விட்டுப்போன பகுதியைப் பற்றியது.

அமெச்சூரும் புரோவும்

அமெச்சூர் என்பது சங்கம் நடத்தும் விளையாட்டு. மாவட்டம், மாநிலம், தேசியம், ஒலிம்பிக் என்று படிக்கட்டு உண்டு. மூன்று நிமிடம் வீதம் 3 ரவுண்டு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. யாருடன் மோதுவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். வென்றால் பதக்கமும் சான்றிதழும் கிடைக்கும். அவற்றைவிடப் பெரிதாக, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, ராணுவம், போலீஸ் வேலைக்கு வழி திறக்கும்.

புரோவில் படிக்கட்டு கிடையாது. யாரோடு யார், எங்கே, எந்த எடையில், எத்தனை ரவுண்டு என்பதையெல்லாம், சண்டையை நடத்தும் புரமோட்டருக்காக ஜோடி சேர்க்கும் மேட்ச்மேக்கர் பேசி முடிப்பார். புதியவருக்கு 4 ரவுண்டு. பிறகு 6, 8, 10. உலகப் பட்டத்துக்கு 12. பெண்களுக்குப் பெரும்பாலும் 2 நிமிட ரவுண்டு, பட்டப் போட்டிக்கு 10. கிளவுஸும் மெலியும். 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ வரை 8 அவுன்ஸ். அதற்கு மேல் 10 அவுன்ஸ். ஸ்பாரிங்கில், அதாவது ஜிம்மில் நடக்கும் பயிற்சி மோதலில் போடும் 16 அவுன்ஸ் கிளவுஸில் 8 அவுன்ஸ் பாதி கனம்தான். தலைக்கவசம் கிடையாது.

மூன்று நீதிபதிகள் ரிங்கின் மூன்று பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ரவுண்டையும் தனியாக மதிப்பிடுவார்கள். ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை கீழே விழுந்தால் பெரும்பாலும் 10-8. சுத்தமாக விழுந்த குத்து, பலன் தந்த முன்னேற்றம், ரிங்கைத் தன் வசம் வைத்திருந்தது, தற்காப்பு ஆகிய நான்கையும் கண்ணால் பார்த்துப் போடுகிற மார்க் இது. அளவுகோல் எதுவும் நடுவில் இல்லை. ஊழல் நுழையும் ஓட்டைகளில் ஒன்று இங்கேயே திறந்திருக்கிறது.

ஏன் இழுக்கிறது

குத்துச்சண்டையைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் அதைச் சரியாகப் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முன்கையால் நேராகப் போடும் குத்தான ஜேப், அதில் நல்லதாக ஒன்றைக் கவனியுங்கள். முன்கை நேராக நீண்டு, கடைசி நொடியில் முஷ்டி உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பி, தொட்ட வேகத்தைவிட அதிக வேகத்தில் தாடைக்குத் திரும்புகிறது. அது அடிப்பதற்கு மட்டும் உள்ள குத்தல்ல. தூரம் அளக்கிறது, எதிராளியின் கண்ணை மறைக்கிறது, அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று வேவு பார்க்கிறது. பலம் தோளிலிருந்து வருவதில்லை. பின்கால் பெருவிரல் தரையைத் தள்ளி, இடுப்பு திரும்பி, தோள் பின்தொடர்ந்து, கை கடைசியாக வருகிறது. வலை இழுத்துத் தோள் உரமேறிய பையன்கள் முதல் மாதம் திணறுவது இதனால்தான். அவர்கள் உடம்பு இழுக்கப் பழகியது. தள்ளுவதற்குக் காலிலிருந்து கற்க வேண்டும்.

1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எதிர்த்த முகமது அலிக்கு வயது 32. ஃபோர்மனின் குத்து பலத்தைப் பார்த்து அலிக்காகப் பயந்தவர்கள் பலர். அலி கயிற்றில் சாய்ந்து, முழங்கைகளை ஒடுக்கி, ஃபோர்மனை அடிக்கவிட்டார். களைத்துப்போன ஃபோர்மன் 8-வது ரவுண்டில் விழுந்தார். மூளையும் துணிச்சலும் சேர்ந்து உடல் பலத்தை வென்ற அந்த இரவுக்காகத்தான் இன்றும் ஆட்கள் இந்த விளையாட்டைப் பார்க்கிறார்கள்.

நம் பக்கமும் இது புதிதல்ல. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி வட்டாரத்தில் பரம்பரை என்ற பெயரில் குழு பிரிந்து மோதிய வரலாறு உண்டு. சென்னையின் வி. தேவராஜன் 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் 2015-ல் புரோ ஆனார். அவர் ஒலிம்பிக் பதக்கத்தோடு போனவர். மாவட்டப் பதக்கத்தோடு போகிறவருக்கு அதே வாசல் திறக்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காசு எப்படிப் பிரிகிறது

ஒரு சண்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மேனேஜர் மூன்றில் ஒரு பங்கு வரை எடுப்பது உலக வழக்கம்: 33,333. கோச்சுக்கு 10 சதவீதம்: 10,000. கையில் 56,667. இதில் மூளை ஸ்கேன், கண் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, இரண்டு மாதச் சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் யார் செலவு என்று ஒப்பந்தம் சொல்லவில்லை என்றால் உங்கள் செலவு. பட்டப் போட்டி என்றால் பட்டம் தரும் அமைப்புக்குப் பரிசுத் தொகையில் சுமார் 3 சதவீதம் தனி. பிரிட்டனின் சின்ன அரங்குகளில் வீரரே தன் சண்டைக்கு டிக்கெட் விற்று, விற்ற காசிலிருந்து சம்பளம் எடுக்கும் வழக்கம்கூட உண்டு.

அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தில் வரும் 'ஆப்ஷன்' என்ற பிரிவு. இந்தச் சண்டையில் வென்றால் அடுத்த இரண்டோ மூன்றோ சண்டைகளையும் இதே புரமோட்டருக்குத்தான் ஆட வேண்டும் என்று அது கட்டிப்போடும். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும், அவர் வைப்பதுதான் விலை என்ற ஏற்பாடு நம் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆப்ஷன் அதே வேலையைத்தான் செய்கிறது. வென்ற பிறகு உங்கள் விலை ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது.

மேனேஜர் என்பவர் வீரரின் ஆள். புரமோட்டரிடம் பேரம் பேசி அதிகக் காசு வாங்கித்தர வேண்டியவர். புரமோட்டர் சண்டையை நடத்துபவர். குறைவாகக் கொடுத்தால் அவருக்கு லாபம். இருவரும் ஒரே ஆளாகவோ ஒரே வீட்டாராகவோ இருந்தால் வீரருக்காகப் பேச ஆளே இல்லை. அமெரிக்கா 2000-ல் கொண்டுவந்த முகமது அலி சட்டம் முக்கியமாக இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே சுவர் எழுப்பியது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லாததால் அந்தச் சுவரைக் கையெழுத்துப் போடுகிறவர்தான் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

ஊழல் எங்கே இருக்கிறது

ஊழல் என்றதும் காசு வாங்கிக்கொண்டு விழுவதுதான் நினைவுக்கு வரும். அதுவும் நடந்திருக்கிறது. 1947 நவம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜேக் லமோட்டா, பில்லி ஃபாக்ஸிடம் தோற்றார். அது வேண்டுமென்றே தோற்ற சண்டை என்று 1960-ல் அமெரிக்க செனட் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அன்று உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு நிழலுலக ஆட்களின் கையில் இருந்தது. தோற்றதற்கு விலையாக லமோட்டா எதிர்பார்த்தது அந்த வாய்ப்பைத்தான். 1949-ல் அது கிடைத்தது, வென்று சாம்பியனும் ஆனார். திறமை இருந்தும் வாசலில் நிற்பவனுக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

வாசல் காப்பவர்கள் பின்னாளில் கோட்டு போட்டுக்கொண்டார்கள். இன்று உலகப் பட்டம் தரும் பெரிய அமைப்புகள் நான்கு: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. ஒவ்வொன்றும் எடைப்பிரிவுக்கு ஒரு தரவரிசை வெளியிடும். பட்டியலில் மேலே இருந்தால்தான் பட்டத்துக்கு மோத முடியும் என்பதால் பட்டியலே சரக்காகிவிடுகிறது. ஐபிஎஃப் தலைவராக இருந்த ராபர்ட் லீ மீது, தரவரிசைக்கு லஞ்சம் வாங்கியதாக அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 2000-ல் கறுப்புப் பணப் பரிமாற்றம், வரி ஏய்ப்பு உள்ளிட்ட சில குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார். டபிள்யூபிஓ கதை இன்னும் வேடிக்கை. டேரின் மோரிஸ் என்ற வீரர் 2000 அக்டோபரில் இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த பட்டியலில் அவர் 7-ம் இடத்திலிருந்து 5-ம் இடத்துக்கு உயர்ந்திருந்தார்!

நீதிபதிகள் விஷயத்தில் அமெச்சூரும் சுத்தமில்லை. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ், உள்ளூர் வீரர் பார்க் சி-ஹுனைவிட இரண்டு மடங்குக்கு மேல் குத்துகளை இறக்கினார்: 86-க்கு 32 என்று எண்ணப்பட்டது. தீர்ப்பு 3-2 என்று பார்க் பக்கம் போனது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த வீரர் கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள் என்பது தனிக் கூத்து. சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை ஒலிம்பிக் கமிட்டி 2023-ல் ரத்தே செய்துவிட்டது.

இவையெல்லாம் செய்தித்தாளுக்கு வரும் ஊழல். புதிதாக வருகிறவரைத் தொடுவது வேறு வகை. பெரும்பாலும் சட்டத்தை மீறாமலேயே நடப்பது. புரமோட்டரிடம் ஒரு செல்லப்பிள்ளை இருப்பான். அவனுக்கு 10-0, 15-0 என்று தோல்வியில்லாத கணக்கு வேண்டும், அப்போதுதான் டிவியும் ஸ்பான்சரும் வருவார்கள். அந்த வெற்றிகளைத் தருவதற்கு எதிர்க் கார்னரில் ஆள் தேவை. பிரிட்டனின் பீட்டர் பக்லி 300 சண்டை ஆடி 2008-ல் ஓய்வு பெற்றார். வெற்றி 32, தோல்வி 256, டிரா 12. அவர் திறமையில்லாதவர் அல்ல. அடிபடாமல் தோற்கத் தெரிந்த கைதேர்ந்த தொழிலாளி. எதிர்க் கார்னருக்கு அழைக்கப்படுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கலை தெரியாது.

உங்களுக்கு வரும் அழைப்பு எந்தக் கார்னருக்கு என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எத்தனை நாள் முன்னால் கூப்பிட்டார்கள்? செல்லப்பிள்ளைக்கு எட்டு வாரம் முன்பே எதிராளி, எடை, தேதி எல்லாம் தெரியும். "சனிக்கிழமை சண்டை, வந்துடறியா" என்று புதன்கிழமை போன் வந்தால், நீங்கள் யாரோ ஒருவரின் 11-வது வெற்றி. எதிராளியின் பெயரைக் கேட்டு பாக்ஸ்ரெக் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எத்தனை வெற்றி என்று பார்த்தால் போதாது. யாரை வென்றான், அவர்கள் அதற்கு முன் எத்தனை முறை தோற்றவர்கள் என்றும் பாருங்கள்.

ஊழல் மூளையைத் தொடும் இடம்

ஆபத்து ஒரு தலைப்பு, ஊழல் வேறொரு தலைப்பு என்று பிரித்துப் பேசுவது வழக்கம். உண்மையில் முதலாவதைப் பெருக்குவது இரண்டாவதுதான். புதன்கிழமை அழைப்பு வந்த பையனை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 66 கிலோ, கேட்பது 61. இரண்டு மூன்று நாளில் 5 கிலோ கொழுப்பு குறையாது, குறைவது தண்ணீர். பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடுவான், தண்ணீரை நிறுத்துவான். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாது. உடல் சூடு வெளியேறாமல் உள்ளேயே ஏறும், வெப்பத்தாக்கில் ஆளே விழலாம். எடை பார்ப்பது பெரும்பாலும் முந்தைய நாள். ஒரு இரவில் தராசு முள் திரும்பிவிடும். ஆனால் நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது கூடுதல் ஆபத்து என்பது ரிங் மருத்துவர்களின் பெரிய கவலை. போன வாரம் ஸ்பாரிங்கில் விழுந்தானா என்று கேட்க ஆள் இருக்காது. கேட்டால் சண்டை ரத்தாகும், டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தலைக்குள் நடப்பது இது. மூளை திரவத்தில் மிதக்கிறது. நேராக விழும் குத்தைவிடத் கையை வளைத்து வீசி, தாடையின் பக்கவாட்டில் விழும் ஹூக் மோசம், ஏனென்றால் அது தலையைச் சுழற்றுகிறது. மண்டை திரும்பிவிட, மூளை ஒரு கணம் பின்தங்குகிறது. மூளையின் மேற்பரப்பையும் அதன் உறையையும் இணைக்கும் சிறிய ரத்த நாளங்கள் இழுபட்டு அறுந்தால், உறைக்கடியில் ரத்தம் சேரத் தொடங்கும். கொடுமை என்னவென்றால் இது உடனே தெரியாமல் போகலாம். வீரர் நடந்து வந்து, பேசி, செல்ஃபி எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சுருண்டு விழலாம். கிளவுஸ் இதைத் தடுக்காது. அது காப்பது கை எலும்பை. கை வலிக்காததால் தலையை இன்னும் பலமாகவும் அடிக்கடியும் அடிக்க முடிகிறது.

கிளவுஸிலேயே கை வைத்தவர்களும் உண்டு. 1983 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் பில்லி காலின்ஸுடன் மோதிய லூயிஸ் ரெஸ்டோவின் கிளவுஸிலிருந்து பஞ்சை உருவி எடுத்திருந்தார்கள். காலின்ஸின் கண் பாதிக்கப்பட்டு அவர் விளையாட்டு வாழ்க்கை அன்றோடு முடிந்தது. ரெஸ்டோவும் கோச்சும் சிறைக்குப் போனார்கள். கைக்கட்டைச் சுற்றும்போது எதிரணி ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பதும், கட்டின் மேல் அதிகாரி கையெழுத்திடுவதும் வெறும் சடங்கு அல்ல. உங்கள் கோச்சை எதிர் அறைக்கு அனுப்புங்கள். கிளவுஸின் முஷ்டிப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி இரண்டு கையிலும் ஒரே தடிமன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

விதிகள் மாறியதெல்லாம் யாராவது விழுந்த பிறகுதான். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் 14-வது ரவுண்டு வரை போன கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாளில் இறந்தார். அதற்குப் பிறகே பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12-க்கு இறங்கின. 1991 செப்டம்பரில் லண்டனில் கிறிஸ் யூபாங்குடன் மோதி விழுந்த மைக்கேல் வாட்சனுக்கு ரிங் பக்கத்தில் உடனடி உயிர்காப்புச் சிகிச்சை கிடைக்கவில்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவு இல்லை, வேறொன்றுக்கு மாற்றினார்கள். அவர் 40 நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிரிட்டன் குத்துச்சண்டை வாரியமே இதற்குப் பொறுப்பு என்று 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

நீண்ட காலச் சேதம் இதைவிடச் சத்தமில்லாதது. குத்து வாங்கியே குழறும் பேச்சையும் தள்ளாடும் நடையையும் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதிவைத்தார். இதைத் தீர்மானிப்பது எத்தனை முறை நாக்அவுட் ஆனோம் என்பதைவிட, ஆண்டுக்கணக்கில் தலை வாங்கிய மொத்த அடி. அதில் பெரும்பங்கு ஜிம்மில், ஸ்பாரிங்கில், யாரும் டிக்கெட் வாங்காத இடத்தில் விழுகிறது. வாரம் ஒருமுறை முழு வேக ஸ்பாரிங்கே அதிகம். தினமும் "பையன் உரமேறட்டும்" என்று அடிக்கவிடும் கோச் உங்கள் கோச் அல்ல.

ராமநாதபுரம் கரைக்கான கணக்கு

உறைக்கடி ரத்தக்கசிவில் நேரம்தான் உயிர். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். தீவிலிருந்து வெளியேறச் சாலை வழி பாம்பன் பாலம் ஒன்றுதான். மதுரை இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே எங்கே சண்டை போட்டாலும் முதலில் கேட்க வேண்டியது பரிசுத் தொகையை அல்ல: அன்றைய இரவு மண்டையைத் திறக்கக்கூடிய அறுவை மருத்துவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார், அங்கே போக எவ்வளவு நேரம்? பதில் மதுரை என்றால், சண்டை நடக்க வேண்டிய ஊரும் மதுரைதான். திருவிழாவில் கபடிக்குப் போடுவது போல மேடை போட்டுப் புரோ சண்டை நடத்துகிறோம் என்று யாராவது வந்தால் இதைக் கேளுங்கள். ஆம்புலன்ஸ் என்பது போன் செய்தால் வருவது அல்ல. ஆக்சிஜனோடும் மருத்துவரோடும் முதல் சண்டை முதல் கடைசிச் சண்டை வரை வாசலில் நிற்பது. அது ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், இன்னொன்று வரும்வரை அடுத்த சண்டை தொடங்கக் கூடாது.

சண்டை முடிந்த இரவு வீரரைத் தனியாக விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரிதாவது, எழுப்பினால் எழாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை எடுங்கள். "அடிபட்ட களைப்பு, தூங்கட்டும்" என்பதுதான் உயிரை வாங்கும் வார்த்தை. ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. மருத்துவர் பார்க்கும் வரை வேண்டாம்.

நாக்அவுட் ஆனவருக்கு அமெச்சூர் விதியில் குறைந்தது 30 நாள் ஓய்வு. நினைவு தப்பியிருந்தால் 90 நாள். ஒரு நிமிடத்துக்கு மேல் தப்பியிருந்தால் 180. இதில் ஸ்பாரிங்கும் அடக்கம். முதல் அதிர்ச்சி ஆறும் முன் இரண்டாவது விழுந்தால், சின்ன அடியிலேயே மூளை வீங்கி உயிர் போகலாம். புரோவில் உங்களுக்கு இந்த நாள்களைக் கணக்கு வைக்க யாரும் இல்லை என்றால் நீங்களே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிலுக்குத் திரும்புவதிலும் இதே கண்டிப்பு வேண்டும். தலையில் அடி வாங்கிய மறுநாள் அதிகாலை படகேறக் கூடாது. நடுக்கடலில் வாந்தி வந்தால் அலைச்சலா ரத்தக்கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது, கரை திரும்பவும் நேரமாகும். சங்கு குளிக்கிறவர்களும் பாசி எடுக்கப் போகிறவர்களும் காதையும் பார்க்க வேண்டும். காதின் மேல் பட்டையாக விழும் குத்து செவிப்பறையைக் கிழிப்பது சாதாரணமாக நடப்பது. கரையில் இருக்கும்போது லேசாகக் காது அடைத்த மாதிரி மட்டும் இருக்கும். அந்தக் கிழிசல் வழியாகக் குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் போனால் தலை சுற்றி, தண்ணீருக்கடியில் மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போகும். காது மருத்துவர் கருவி வைத்துப் பார்த்து, கிழிசல் மூடிவிட்டது என்று சொல்லும் வரை முங்கக் கூடாது. பல கிழிசல்கள் சில வாரங்களில் தானாகவே மூடும். மூடாதவற்றுக்கு அறுவைச் சிகிச்சை உண்டு.